டிக்கெட் ஜன்னலிலிருந்து: வீடு திரும்பும் அவசரம்



சென்ற இதழில் சீசன் பாஸ் பற்றி நாம் எழுதியதைப் படித்துவிட்டு, டோம்பிவிலியிலிருந்து அன்பர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அக்கடிதத்தில் கோபமும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. "மழைநாளில் வண்டி நின்றுவிட்டால் மறுபடியும் எப்போது விடுவார்கள் என்று உங்கள் ஜன்னலில் வந்து கேட்கிறோம். நீங்களோ 'தெரியாது' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள். உண்மையிலேயே தெரியாதா? சொல்ல மனமில்லையா?" என்பது அவருடைய கேள்வி.

உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். தெரியாது. டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவுக்கு மட்டுமன்று, அந்த நேரத்தில் நிலைய அதிகாரிக்கும் தெரியாது. ஏன் தெரியாது என்று விளக்குவது இம்மாதக் கட்டுரையின் முதல் வேலை. அதைத் தெரிந்துகொண்டவர் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு வேறொரு கேள்வியைக் கேட்பார். அது என்ன கேள்வி என்று சொல்வது இரண்டாவது வேலை. மும்பையில் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் தேதி ஜூன் 11. ஆனால் 2025ஆம் ஆண்டில் அது மே 26ஆம் தேதியே வந்து நின்றது. ஆகையால் இதைச் சொல்லுவதற்கு மே மாத இதழைவிடப் பொருத்தமான இதழ் வேறில்லை.

வண்டி ஏன் நிற்கிறது? பல இடங்களில் தண்டவாளம் இரண்டிலும் மெல்லிய மின்னோட்டம் ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பகுதிக்குள் வண்டி வந்ததும் அதன் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். மின்னோட்டம் குறுக்கே பாயும். 'இங்கே ஒரு வண்டி நிற்கிறது' என்று பொருள்கொண்டு சிக்னல் சிவப்பாகும். பின்னால் வரும் வண்டி முன்னால் நிற்பதன்மேல் மோதாமலிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. பாதை நீரில் மூழ்கும்போது அந்தத் தண்ணீரே சக்கரத்தின் வேலையைச் செய்துவிடுகிறது. வண்டியே இல்லாத பாதையில் வண்டி இருப்பதாகச் சிக்னல் எண்ணிக்கொள்கிறது. இதைப் பழுது என்று ஏசுவோர் உண்டு. ஐயம் வந்தால் நிறுத்து என்பதே சிக்னலின் தருமம். அது தன் தருமத்தைச் செய்கிறது.

இது மட்டுமா? வண்டியை ஒரு பாதையிலிருந்து மற்றொரு பாதைக்குத் திருப்பும் மோட்டார்ப் பெட்டிகள் தண்டவாளத்தின் ஓரத்தில், தரையோடு தரையாக இருக்கின்றன. மின்வண்டியை இழுக்கும் மோட்டார்களோ பெட்டிகளுக்கு அடியில், சக்கரங்களின் அருகே இருக்கின்றன. தண்டவாளத்தின் தலைக்கு மேலே நீர் ஏறத் தொடங்கினால் முதலில் வண்டி ஊர்ந்து செல்லும். மேலும் ஏறினால் நிறுத்தத்தான் வேண்டும். நெரிசல் வேளையில் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடும் பாதை இது. குர்லாவுக்கும் சயானுக்கும் இடையே ஒன்று நின்றால், பின்னால் தானே வரையில் வரிசையாக நிற்கும்.

சரி, தண்ணீர் எப்போது வடியும்? அதைச் சொல்ல வேண்டியது வானமும் கடலும். மும்பை ஒரு காலத்தில் ஏழு தீவுகள். இடையிலிருந்த கடலையும் சதுப்பையும் தூர்த்து ஒரே நிலமாக்கினார்கள். அந்தப் பள்ளங்களைத் தண்ணீர் இன்னும் மறக்கவில்லை. தாதர் பரேல் இடையே ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள் அருகே காந்தி மார்க்கெட், சயான், அந்தேரிச் சுரங்கப்பாதை என்று நம்மவர் அன்றாடம் கடக்கும் இடங்களே ஒவ்வோராண்டும் முதலில் நிரம்புவதைப் பார்க்கிறோம். பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்குவதற்கென்று, அதுவும் கடல் வற்றியிருக்கும் வேளைக்கென்று கட்டப்பட்டவை. அதை 50 மில்லிமீட்டராக உயர்த்த வேண்டும் என்று 1993ஆம் ஆண்டிலேயே ஒரு திட்ட அறிக்கை கூறிவிட்டது. 2005ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகுதான் வேலை சூடுபிடித்தது. ஹாஜி அலி, இர்லா, லவ் குரோவ், கிளீவ்லாண்டு பந்தர், பிரிட்டானியா, கஜ்தர் பந்த் ஆகிய ஆறு இடங்களில் நீரிறைக்கும் நிலையங்கள் கட்டப்பட்டன. ஹிந்த்மாதாத் தண்ணீரைத் தேக்கிவைக்க அருகிலுள்ள பூங்காவுக்கும் மைதானத்துக்கும் அடியில் தொட்டிகள் அமைத்தார்கள். முன்பு நாள் முழுவதும் நின்ற தண்ணீர் இன்று சில இடங்களில் சில மணிநேரத்தில் வடிகிறது. நடந்த நன்மையையும் சொல்லத்தானே வேண்டும்?

ஆனாலும் வடிகால்கள் யாவும் கடைசியில் கடலைத்தான் நம்பியிருக்கின்றன. கடலோ ஏறக்குறைய பன்னிரண்டரை மணிக்கு ஒரு முறை ஏறுகிறது. ஏற்ற வேளை ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஏற்றம் நாலரை மீட்டருக்கு மேல் வரும் நாட்களில், அதே வேளையில் கனமழையும் பெய்தால், ஊர்த்தண்ணீர் போவதற்கு வாயில் இல்லை. கடல் இறங்கும் வரை அது தெருவில்தான் காத்திருக்கும். நகரத்தின் நடுவே பதினெட்டுக் கிலோமீட்டர் ஓடும் மித்தி ஆற்றின் கதையும் இதுதான். விஹார், பவாய் ஏரிகளின் உபரிநீர் அதில் இறங்குகிறது. குர்லா, காலினா வழியாக வந்து மாகிம் கழியில் கடலைச் சேர்கிறது. கடல் ஏறி நிற்கும்போது ஆறும் நிற்கும். ஆறு நின்றால் அக்கம்பக்கத்துத் தெருக்களெல்லாம் ஆறாகும்.

மழையும் ஊர் முழுவதும் ஒரே சீராகப் பெய்வதில்லை. 2005 ஜூலை 26 அன்று தொடங்கிய இருபத்துநான்கு மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அதே நேரத்தில் தெற்கே கொலாபாவில் பெய்தது 73 மில்லிமீட்டர்தான். நெல்லைச் சீமையின் சமவெளி ஊர்களில் ஓராண்டு முழுவதும் பெய்யாத மழை, ஒரே நாளில், நகரத்தின் ஒரு பாதியில் மட்டும் கொட்டிவிட்டது. கோட்டைப் பகுதியில் அலுவலகத்தில் இருந்தவர் ஜன்னல் வழியே பார்த்து, "சாதாரண மழைதானே" என்று குடையோடு புறப்பட்டார். அவர் போகவேண்டிய இடம் நீருக்கடியில் இருப்பது அவருக்குத் தெரியாது. நம் ஜன்னலுக்கும் அவ்வாறே தெரியாது.

நிற்க. அந்த 2005ஆம் ஆண்டு நாளைப் பற்றி இப்பகுதியில் நாம் இதுவரை எழுதியதில்லை. வீட்டு விஷயம் என்று ஒதுக்கி வைத்திருந்தோம். டோம்பிவிலி அன்பருக்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமானால் அதைச் சொல்லாமல் முடியாது.

நமக்கு அப்போது வயது 16. அந்த ஆண்டுதான் மெட்ரிக் தேறிப் பதினோராம் வகுப்பில் சேர்ந்திருந்தோம். தாராவியில் ஒரு சாலில் குடியிருப்பு. தந்தையார் அந்தேரியில் ஓர் ஆயத்த ஆடைப் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். அன்று பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் பட்டறை வாசலில் முழங்காலளவு தண்ணீர் வந்துவிட்டது. முதலாளி நல்லவர். "யாரும் போகவேண்டாம். மாடியில் துணிப்பொதிகள் இருக்கின்றன, அவற்றின்மேல் படுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, வடாபாவ் வாங்கி வரவும் ஏற்பாடு செய்திருக்கிறார். ஆறு பேர் தங்கிவிட்டார்கள். தந்தையார் தங்கவில்லை. "வீட்டில் பயந்துவிடுவார்கள்" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

வீட்டிலும் பயந்துதான் போனோம். சாலின் மூலையிலிருந்த டெலிபோன் கடையில் போன் செத்துக் கிடந்தது. கைபேசி வைத்திருந்த ஒன்றிரண்டு பேருக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. விளக்கு இல்லை. இரவு எட்டு மணி வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அன்னையார், "சாலை வரையில் போய்ப் பார்த்துவிட்டு வா, ஐயா" என்று ஒரு டார்ச் விளக்கைக் கையில் கொடுத்தார். சாலை வரையில் போனோம். அங்கே அவர் இல்லை. இன்னும் சற்று, இன்னும் சற்று என்று கலாநகர் வரை போய்விட்டோம். அங்கே தண்ணீர் மார்பளவு இருந்தது. அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாத கறுப்புத் தண்ணீர். ஒரு கட்டடத்தின் மாடிப்படியில் நின்றிருந்தவர்கள் கயிறு வீசி நம்மையும் வேறு சிலரையும் இழுத்துக்கொண்டார்கள். மராத்திக் குடும்பம் ஒன்று, தலையைத் துவட்டத் துண்டு கொடுத்து, தேநீரும் பொஹாவும் கொடுத்து, கூடத்தில் படுக்க வைத்தது. நம் பெயரைக்கூட அவர்கள் கேட்டதாக நினைவில்லை.

தந்தையார் இரவு ஒரு மணிக்கு வீடு சேர்ந்தார். வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "பையன் எங்கே?" என்பது. சொன்னார்கள். ஈர வேட்டியைக்கூட மாற்றாமல் அப்படியே திரும்பி இறங்கிவிட்டார். விடியும் வரை தேடியிருக்கிறார். எங்கோ ஒரு தகரம் அவருடைய குதிகாலைக் கிழித்துவிட்டது. அந்தக் காலோடு அதே தண்ணீரில் நடந்திருக்கிறார். நாம் மறுநாள் காலை பத்து மணிக்கு, வயிறு நிறைந்து, உலர்ந்த சட்டையோடு வீட்டுக்கு வந்தோம். அவர் நண்பகலில் வந்தார்.

பத்து நாளில் காய்ச்சல் கண்டது. கண் மஞ்சளித்தது, சிறுநீர் குறைந்தது. எலிக்காய்ச்சல் என்றார்கள். எலிகளின் சிறுநீர் கலந்த வெள்ளத்திலிருந்து கால் புண் வழியாக உடலுக்குள் புகும் நோய் அது. 23 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்துவிட்டார், ஆண்டவன் அருள். ஆனால் சிறுநீரகம் பழையபடி ஆகவில்லை. நாளெல்லாம் நின்று துணி வெட்டும் வேலைக்கு அவரால் மறுபடியும் போக முடியவில்லை. நாம் பதினோராம் வகுப்பை விட்டு ஒரு காகிதக்கடையில் சேர்ந்தோம். மெட்ரிக் படித்தவர் எழுதக்கூடிய ரயில்வேத் தேர்வைப் பின்னர் எழுதி இந்த ஜன்னலுக்கு வந்து சேர்ந்தோம். இதில் மனக்குறை ஒன்றுமில்லை. ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். பட்டறை மாடியில் தங்கிய ஆறு பேரும் மறுநாள் வடிந்த சாலையில் நடந்து வீடு போனார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. நம் வீட்டிலோ தந்தை வீட்டைத் தேடி, மகன் தந்தையைத் தேடி, மறுபடியும் தந்தை மகனைத் தேடி, கடைசியில் யாரும் யாரையும் காப்பாற்றவில்லை. மூவர்மேலும் குற்றமில்லை. அன்புதான் அன்று அவசரப்பட்டது.

இது நம் வீட்டுக் கதை மட்டுமன்று. அந்த மழையில் மகாராஷ்டிரத்தில் 1,000 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். மும்பைச் சாலைகளில், எஞ்சின் நின்றுபோன கார்களுக்குள் கண்ணாடியை இறக்க முடியாமல் மூச்சடைத்து இறந்தவர்களும் அவர்களில் உண்டு. வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். 2017 ஆகஸ்டு 29 அன்று இவ்வூரின் மருத்துவர் ஒருவர், வண்டி நகரவில்லை என்று இறங்கி நடந்தார். நீருக்கடியில் மூடி திறந்திருந்த பாதாளச் சாக்கடைக் குழி ஒன்று அவரை விழுங்கிவிட்டது. அவரும் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். 2025 ஆகஸ்டு 19 அன்று லோக்கல் வண்டிகள் பல மணிநேரம் நின்றபோது, கிடைத்ததில் ஏறிவிடுவோம் என்று கூட்டம் மோனோ ரயிலில் ஏறியது. தாங்கும் பாரத்துக்கு மேல் பாரமாகி, மின் தொடர்பு விட்டு, அது அந்தரத்தில் நின்றுவிட்டது. உள்ளே 500 பேருக்கு மேல். தீயணைப்புப் படையினர் ஏணி வைத்து அவர்களை இறக்கினார்கள்.

ஆகவே, டோம்பிவிலி அன்பரே, வண்டி எப்போது விடுவார்கள் என்பது சரியான கேள்வியன்று. "இன்றிரவு நான் எங்கே தங்குவது?" என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு விடை வானத்திலும் இல்லை, கடலிலும் இல்லை, நம்மவர் கையில் இருக்கிறது.

அதே 2025 ஆகஸ்டு 19 அன்று நம் ஜன்னலுக்கு ஓர் ஆச்சி வந்தார். எழுபது வயதிருக்கும். கண் மருத்துவரிடம் காட்டிவிட்டு முலுண்டில் மகள் வீட்டுக்குத் திரும்பவேண்டியவர். வண்டி இல்லை என்றோம். "பஸ் இருக்குமா?" என்றார். சாலையும் அடைபட்டுவிட்டது என்றோம். "அப்போ மெதுவா நடந்துடலாமா? வீட்டுல தேடுவாகளே, தம்பி" என்றார். இருபது ஆண்டுகளுக்கு முன் தந்தையார் சொன்ன அதே சொல்.

"இங்கே அருகில் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா, ஆச்சி?" என்று கேட்டோம்.

"எங்க ஊர்க்காரவுக ஒருத்தர் இந்த ஸ்டேஷன் பக்கந்தான்னு சொல்லிக்கிடுவாக. வீடு தெரியாதே" என்றார்.

அவர் தேடிய வீடு நமக்கும் தெரியாது. ஆனால் நம் மாத இதழை வாங்கும் குடும்பம் ஒன்று நிலையத்துக்குப் பின்னால் இரண்டாவது தெருவில், மேடான இடத்தில் இருப்பது தெரியும். போன் செய்தோம். அரை மணியில் அவ்வீட்டு அம்மாள் குடையோடு வந்து நின்றார். "வாங்க பெரியம்மா, உங்க மக வீட்டு நம்பரைக் குடுங்க, மொதல்ல அவங்ககிட்டப் பேசிடுவோம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். மாலையில் வண்டிகள் ஓடத் தொடங்கின. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் ஆச்சியை ஏற்ற அவர்களுக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை நிதானமாக அனுப்பிவைத்தார்கள். ஆச்சிக்கு வள்ளியூர், அந்த அம்மாளுக்குப் பணகுடி என்பதை இரவு சாப்பிடும்போதுதான் தெரிந்துகொண்டார்களாம்.

நம் பெரியவர்கள் ஊரிலிருந்து ரயிலேறி வந்தபோது ஒவ்வொருவர் பையிலும் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. எந்த நிலையத்தில் இறங்குவது, எந்தச் சால், எத்தனையாவது கோலி, யார் பெயரைச் சொல்லிக் கேட்பது என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் காகிதத்தை நம்பித்தான் மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வந்து வேரூன்றினார்கள். இன்று நம் கைபேசியில் முந்நூறு எண்கள் இருக்கின்றன. அவர்களில் எவர் வீடு எந்த நிலையத்துக்கு அருகில், எந்த மாடியில் என்று கேட்டால் பத்துக்கு மேல் சொல்ல மாட்டோம். எண் இருக்கிறது, வீடு தெரியவில்லை.

எனவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். 'நிலையத்துக்கு ஒரு வீடு' என்று ஒரு பட்டியல் தயாரிப்போம். கல்யாணிலிருந்து கோட்டை வரையிலும், துறைமுகப் பாதையிலும், மேற்குப் பாதையிலும், ஒவ்வொரு நிலையத்துக்கும் அருகே, தண்ணீர் ஏறாத தெருவில் அல்லது மாடியில் இருக்கும் வீடொன்று தன் பெயரைக் கொடுக்கட்டும். ஒன்றுக்கு மேல் கிடைத்தால் இன்னும் நன்று. தனியே வரும் பெண்களும் மாணவிகளும் தயக்கமின்றித் தங்கப் பெண்கள் உள்ள வீடுகள் முன்வர வேண்டும். பட்டியலை இதழில் அச்சிட வேண்டுவதில்லை, உறுப்பினர் வீடுகளுக்கு மட்டும் கொடுக்கலாம். விருந்து படைக்கச் சொல்லவில்லை. ஒரு பாய், ஒரு துண்டு, ஒரு தட்டு சோறு, கைபேசிக்குச் சிறிது மின்சாரம் இவை போதும். நம்மவர் அல்லாதார் வந்து நின்றாலும் அதே பாயை விரிக்க வேண்டும். கலாநகர் வீட்டார் நம்மிடம் சாதியும் கேட்கவில்லை, மொழியும் கேட்கவில்லை.

"தங்குங்கள் என்று சொல்லுவது எளிது. தினக்கூலிக்காரன் தங்கினால் மறுநாள் கூலி போகாதா? வீட்டில் கைக்குழந்தை இருப்பவள் எப்படித் தங்குவாள்?" என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். மறுநாள் கூலி போகத்தான் செய்யும். நம் வீட்டில் போனது ஒரு நாள் கூலியன்று, ஒரு மனிதரின் தொழில் என்பதை நினைத்துப் பார்க்கச் சொல்கிறோம். குழந்தையின் பொருட்டு அதே சாலில், அதே மாடியில் ஒரு வீட்டை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "மழையில் நான் வரவில்லையென்றால் பிள்ளை உங்களிடம்" என்ற ஒரு சொல் ஜூன் மாதத்துக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தால் எத்தனை கால்கள் அந்தத் தண்ணீரில் இறங்காமலிருக்கும்!

வீட்டில் பேசி வைத்துக்கொள்ள வேண்டியவை இன்னும் சில உண்டு.

முதலாவது, செய்தி. வெளியே இருப்பவர், "இன்ன இடத்தில் இருக்கிறேன், தங்குகிறேன்" என்று ஒரு முறை சொல்ல வேண்டும். வீட்டிலிருப்பவர், "இரு" என்று ஒரு முறை பதில் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்துக்கொரு முறை கூப்பிட்டு, "எங்கே வருகிறாய்?" என்று கேட்பது அவரைத் தெருவில் இறக்கிவிடும். கைபேசியின் மின்சாரமும் தீர்ந்துபோகும்.

இரண்டாவது, கடல் ஏற்ற வேளை. எந்தெந்த நாட்களில் ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டும் என்பது மழைக்காலத்துக்கு முன்பே அறிவிக்கப்படுகிறது. அதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். குறித்த நாளில் கனமழையும் சேர்ந்தால், ஏற்ற வேளைக்கு இரண்டு மணி முன்பிருந்து இரண்டு மணி பின்பு வரை புறப்படாதீர்கள்.

மூன்றாவது, நிலையம். பிளாட்பாரம் தண்டவாளத்தைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். மேம்பாலமோ அதனினும் உயரம். வண்டி இல்லாவிட்டாலும் நிலையம் ஒரு கூரை என்பதை மறவாதீர்கள். ஆனால் தண்டவாளத்தில் இறங்கி நடக்காதீர்கள். நீருக்கடியில் சிறுபாலங்களின் இடைவெளி தெரியாது, வண்டி எப்போது நகரும் என்பதும் தெரியாது.

நான்காவது, நடக்கத்தான் வேண்டுமென்றால் அடி தெரியாத நீரில் தனியே இறங்காதீர்கள். கையில் கம்போ குடையோ கொண்டு முன்னால் ஊன்றிப் பார்த்து, ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள். மின்கம்பத்தைத் தொடாதீர்கள். தண்ணீர் வடியட்டும் என்று சாக்கடை மூடியைத் திறக்க யாரையும் விடாதீர்கள். கார் நின்றுவிட்டால் நீர் உயரும் முன்பே, கதவு திறக்கும்போதே, இறங்கிவிடுங்கள்.

ஐந்தாவது, வெள்ளத்தில் நடந்தவர் வீடு வந்ததும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காலில் புண்ணோ கீறலோ இருந்தாலும் இல்லாவிட்டாலும், 72 மணி நேரத்துக்குள் மருத்துவரையோ மாநகராட்சி மருந்தகத்தையோ அணுகினால் எலிக்காய்ச்சலைத் தடுக்க மாத்திரை கொடுப்பார்கள். இதை அன்று நாம் அறியவில்லை. அறிந்திருந்தால் இக்கட்டுரையின் பாதி எழுத வேண்டியிருந்திராது.

தந்தையாருக்கு இப்போது வயது 68. வீட்டில்தான் இருக்கிறார். மழை வலுத்தால் அவருடைய போன் முதலில் வரும். "எப்போது வருகிறாய்?" என்று அவர் கேட்பதில்லை. "அங்கேயே இருப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். 2025 ஆகஸ்டிலும் அப்படித்தான். அன்றிரவு நாமும் நிலையத்திலேயே, நான்கு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்துவிட்டு, மறுநாள் காலை வீடு போனோம்.

பட்டியலில் பெயர் கொடுக்க விரும்பும் அன்பர்கள், நிலையத்தின் பெயரையும் எத்தனை பேர் தங்க இடமுண்டு என்பதையும் ஓர் அட்டையில் எழுதிச் சங்கச் செயலாளருக்கு ஜூன் முதல் வாரத்துக்குள் சேர்ப்பித்துவிட வேண்டுகிறோம். நம் வீட்டின் பெயரை முதலாவதாக எழுதிக் கொடுத்துவிட்டோம். டோம்பிவிலி அன்பர் தம் வீட்டையும் கொடுப்பார் என்று நம்புகிறோம். அடுத்த மழையில் அவர் ஜன்னலுக்கு வந்து கேட்டால், வண்டியைப் பற்றி 'தெரியாது' என்றுதான் மறுபடியும் சொல்லுவோம். ஆனால் தலையைக் குனிந்துகொள்ள மாட்டோம், எந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுவோம்.

அடுத்த இதழில், கோடை விடுமுறையில் ஊர் போய்த் திரும்பும் குடும்பங்கள் முன்பதிவில் செய்யும் தவறுகளைப் பற்றி எழுதுவோம்.